கிரேன்காரரின் இரண்டு ரத்தம்

"ஒரே ஆளுக்கு ரெண்டு ரத்தம் எப்படிங்க இருக்க முடியும்?"

கிரேன்காரரின் மனைவி இதை மூன்றாவது முறையாகக் கேட்டாள். ஆஸ்பத்திரி வராண்டாவின் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போவதை விட்டுப் பல வருஷமாகிறது. துப்பறிகிற வேலைக்கு வந்த பிறகும் பழைய பெயர் அவரை விடவில்லை. அவருடைய உதவியாளனுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடத் தெரியாது என்பதால் வந்த பெயர்.

"இருக்கும்மா," என்றான் ரேடியோ. "எங்க மாமனாருக்கு இருக்கு. கல்யாணப் பேச்சு பேசினப்போ ஒரு ரத்தம். தாலி கட்டினதும் வேற ரத்தம்."

அவள் சிரிக்கவில்லை. வக்கீலம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார்.

நடந்தது இதுதான். ஊர் நடுவே எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் உயரக் கிரேன் ஓட்டுகிறவர் அவள் கணவர். போன வாரம் இரும்புக் கம்பிக் கட்டு ஒன்றை மேலே தூக்கிக்கொண்டிருந்தபோது கூண்டுக்குள்ளேயே சாய்ந்துவிட்டார். பிடியில் இருந்த கை நழுவியதும் கட்டு ஒரு சுற்று சுழன்று கீழே போனது. கீழே நின்று கொடி காட்டிக்கொண்டிருந்த ஆள் அந்த இடத்திலேயே முடிந்துபோனார். இரண்டு பேரும் பல வருஷமாக ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

கிரேன்காரர் பிழைத்தார். பிழைத்தார் என்றால், மூச்சு இருந்தது. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு போய்விட்டது.

இதய டாக்டர் காலையில்தான் வக்கீலம்மாவிடம் விளக்கியிருந்தார். "இவருக்கு இதயத்தோட மேலறை ஒழுங்கா துடிக்கல, நடுங்குது. அப்படி நடுங்குற இடத்துல ரத்தம் தேங்கி உறையும். உறைஞ்ச துண்டு ஒண்ணு மூளைக்குப் போயிடுச்சு. இது திடீர்னு வந்ததில்ல. இதயம் திணறும்போது அதோட சுவர் இழுபட்டு ரத்தத்துல ஒரு புரதத்தைக் கசிய விடும். இவர் ரத்தத்துல அது எக்கச்சக்கமா இருக்கு. மேலறை விரிஞ்சிருக்கிறதைப் பார்த்தா பல வருஷத்துக் கதை. ஆனா நாலஞ்சு மாசம் முன்னாடி கம்பெனி எடுத்த டெஸ்ட்டுல அந்தப் புரதம் இருக்கவேண்டிய அளவுல சமர்த்தா இருக்கு. அது இவர் ரத்தமே இல்லைங்க."

கம்பெனி இதையே பிடித்துக்கொண்டது. கிரேன்காரர் நோயை மறைத்து, வேறு யாருடைய ரத்தத்தையோ கொடுத்து ஏமாற்றி மேலே ஏறினார், செத்த ஆளின் பழி அவர் தலையில்தான் என்றது. நாளைக்கு விசாரணை.

"அவர் அப்படிச் செய்யறவர் இல்லைங்க," என்றாள் மனைவி. "கிரேன் ஓட்ட ஆள் கிடைக்கல. அதனால கம்பெனிக்காரங்கதான் மாத்தி வெச்சிருக்கணும். அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. அவர் எழுந்திருக்க மாட்டார்னு சொல்லிட்டாங்க. பழியோட படுத்திருக்க வேண்டாம்."

அப்போது வார்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். கிரேன்காரரின் தங்கை. ராத்திரியும் பகலும் அண்ணன் பக்கத்திலேயே இருப்பவள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள்.

"அண்ணி, அண்ணனுக்குத் துணி மாத்திட்டேன். நீங்க கொஞ்சம் உள்ள இருங்க."

"முதல்ல நீ போய்ச் சாப்பிடு. வயித்துப் பிள்ளைக்காரி, இப்படிப் பட்டினி கிடக்கலாமா?" என்று அதட்டிவிட்டு, மனைவி வக்கீலம்மாவிடம் திரும்பினாள். "இவ இல்லைன்னா நான் இந்நேரம் பைத்தியமாகியிருப்பேங்க. லேப்ல வேலை. லீவு போட்டுட்டு இங்கேயே கிடக்குறா. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் உண்டாகியிருக்கா. அவ அண்ணன் அதைக் கேட்டு ஊரையே கூட்டிட்டார்."

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள்.

*

கட்டட வேலை நின்றுபோயிருந்தது. கிரேன் மட்டும் வானத்தில் கையை நீட்டியபடி சும்மா நின்றது. அதன் அடியில் ஒரு இடத்தில் மணல் கொட்டி மூடியிருந்தார்கள். ரேடியோ அதைத் தாண்டும்போது மட்டும் பேசாமல் தாண்டினான்.

பாதுகாப்பு அதிகாரி தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரமாகத் தூங்காத முகம்.

"நாங்க மாத்தினோமா? எதுக்குங்க? அவர் இல்லைன்னா இன்னொருத்தரை ஏத்தியிருப்போம். ரெண்டு பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க," என்றார். "ரத்தம் எடுக்க லேப்லேர்ந்து ஆள் இங்கேயே வந்தாங்க. என் கண் முன்னாடிதான் எடுத்தாங்க. அவரும் வரிசையில நின்னு கையை நீட்டினாரு."

"அப்போ குழாய் இங்கேர்ந்து போகும்போது அவர் ரத்தம்தான்," என்றார் வக்கீலம்மா. "ரிப்போர்ட் வந்தப்போ எப்படி இருந்தார்?"

அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "அதைத்தான் என்னால மறக்க முடியல. என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல. 'ஒரு மாசமா பயந்துக்கிட்டே இருந்தேன் சார், இறக்கிடுவீங்களோன்னு. ஒண்ணுமில்லைன்னு வந்துடுச்சு'ன்னாரு. குழந்தை மாதிரி சிரிச்சாரு."

வெளியே வந்ததும் வக்கீலம்மா சொன்னார்: "மாத்தி வெச்சவன் ரிப்போர்ட்டுக்குப் பயப்பட மாட்டான். என்ன வரும்னு அவனுக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

"நடிச்சிருக்கலாமே, மேடம்?"

"நடிக்கிறவன் பயந்தேன்னு சொல்ல மாட்டான். எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லுவான்."

ரேடியோ தலையைச் சொறிந்தான். அவன் கண் கொட்டகைச் சுவரில் வரிசையாகத் தொங்கிய ஹெல்மெட்டுகளில் போய் நின்றது. ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் ரத்த வகையை எழுதி ஒட்டியிருந்தார்கள். அவன் ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தான்.

"மேடம், நம்மாளோடது பி நெகட்டிவ். இங்க வேற ஒருத்தருக்கும் அது இல்ல. எல்லாரும் என்னை மாதிரி மலிவான ரத்தம்."

"ரிப்போர்ட்டுல வகை என்ன போட்டிருக்கு?"

"அதுலயும் பி நெகட்டிவ்தான்."

வக்கீலம்மா கிரேனை அண்ணாந்து பார்த்தார். "கம்பெனி மாத்தியிருந்தா இங்கே கிடைக்கிற ரத்தத்தைத்தான் வெச்சிருக்கும். வகை இடிச்சு மறுநாளே மாட்டியிருக்கும். இது தேடித் தேடினாலும் சுலபமா கிடைக்காத வகை, ரேடியோ. வெச்ச ஆளுக்கு அது கையிலேயே இருந்திருக்கு."

"கையிலேயேன்னா?"

"தெரியல. வா, லேப்புக்குப் போலாம்."

*

வேலைக்கான பரிசோதனை ரத்தத்தில் மிச்சத்தை ஒரு வருஷம் உறைய வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்பது அந்த லேபின் விதி. லேப் டாக்டர் ஜலதோஷம் பிடித்த ஒரு அம்மாள். குளிர்பெட்டியிலிருந்து விரல் நீளக் குழாய் ஒன்றை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். அதில் கிரேன்காரரின் பெயரும் எண்ணும் ஒட்டியிருந்தன.

"இது யாரோடதுன்னு குழாய் சொல்லுமா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"பேரெல்லாம் சொல்லாது. வேணும்னா ஆணா பெண்ணான்னு ஹார்மோனை வெச்சுச் சொல்லலாம்." டாக்டர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.

"அதுதான் பாருங்களேன்."

"டாக்டர், டாக்டர்," என்றான் ரேடியோ. "பொம்பளையான்னு பார்க்கிறதுதான் பார்க்கிறீங்க, அப்படியே முழுகாம இருக்காங்களான்னும் பார்த்துடுங்க. மெஷின் சும்மாதானே இருக்கு."

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். "ஒரு பட்டன்தான் கூட. பார்த்தாப் போச்சு."

டீ வந்தது. ரேடியோ தன்னுடையதையும் குடித்து வக்கீலம்மாவுடையதையும் குடித்தான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் கொர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"பெண்தான்," என்றார். "அதுமட்டுமில்ல, கர்ப்பம். ரொம்ப ஆரம்பம். அந்தப் பொண்ணுக்கே அன்னிக்குத் தெரிஞ்சிருக்காது."

"அட! அப்போ கிரேன்காரர் உண்டாகி..." என்று ரேடியோ ஆரம்பித்தான்.

பாதியில் நின்றுபோனான். வக்கீலம்மா அவனைப் பார்த்தார். அவன் அவரைப் பார்த்தான். ஆஸ்பத்திரி வராண்டாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த பெண் இரண்டு பேர் கண்ணிலும் வந்து நின்றாள்.

லேப் டாக்டர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "அந்தக் கட்டடத்துக்கு ரத்தம் எடுக்கப் போனது எங்க பொண்ணு ஒருத்தி. பி நெகட்டிவ். அவசரத்துக்கு ரத்தம் வேணும்னு யார் கேட்டாலும் முதல்ல அவதான் படுப்பா. இப்போ லீவுல இருக்கா. அண்ணனுக்கு உடம்பு சரியில்லைன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் குழாயில் ஒட்டியிருந்த பெயரைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணன்னு சொன்னாளே தவிர யாருன்னு சொல்லலையே! கடவுளே."

ரேடியோ காரை ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான்.

*

ஆஸ்பத்திரியின் பின்பக்க மாடிப்படியில், ஜன்னலோரம் தங்கை நின்றுகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் பதறவில்லை.

"நீங்க எப்போ வருவீங்கன்னு பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றாள்.

"உட்காரும்மா," என்றார் வக்கீலம்மா. படியில் அவளுக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். "உங்க அண்ணன் கேட்டுக்கிட்டாரா?"

அவள் இல்லை என்று வேகமாகத் தலையசைத்தாள். "அண்ணனுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஏறியிருக்கவே மாட்டான். கீழ ஆளுங்க நிக்கிறாங்களேன்னு அவனே இறங்கி வந்திருப்பான்."

பிறகு அவளாகவே சொன்னாள். அந்த டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நெஞ்சுக்குள் மீன் துள்ளுகிற மாதிரி இருக்கிறது, அடிக்கடி வருகிறது, உன் அண்ணியிடம் சொல்லாதே என்றாராம். இவள் ரத்தம் எடுத்துப் போய், யாருக்கும் தெரியாமல் லேபில் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அந்தப் புரதம் எகிறியிருந்தது. ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் அவளையே கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வேலை நேரத்தில் தங்கச்சி என்று காட்டிக்கொள்ளாதே என்று இவள் சொல்லி வைத்திருந்தபடி, அவர் யாரோ போல வரிசையில் நின்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

"எடுத்தேன். வண்டியில வரும்போது அதைக் கொட்டிட்டு, என் கையில குத்தி அந்தக் குழாய்ல என்னோடதை நிரப்பினேன்."

"ஏம்மா?" ரேடியோதான் கேட்டான். அவன் குரலே வேறாக இருந்தது.

"ஒரு தடவை கால் முறிஞ்சு வீட்ல கிடந்தான். வாயே திறக்கல. சுவரைப் பார்த்துக்கிட்டே படுத்திருப்பான். சோறு வெச்சா சாப்பிடுவான், வைக்கலைன்னா கேட்கமாட்டான். திரும்ப மேல ஏறின அன்னிக்குத்தான் எனக்கு அண்ணன் திரும்பக் கிடைச்சான். மறுபடியும் அவனை அப்படிப் பார்க்க முடியாதுன்னு நினைச்சேன்." அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "அப்படியே விட்டுடலைங்க. துடிப்பைச் சீராக்குற மாத்திரையும், ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையும் வாங்கி, சத்து மாத்திரைன்னு சொல்லிக் குடுத்தேன். தினமும் போடச் சொன்னேன். சரியாகிடும், அடுத்த டெஸ்ட்டுக்கு அவன் ரத்தத்தையே அனுப்பிடலாம்னு இருந்தேன்."

"போட்டாரா?"

கீழே யாரோ கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

"இங்க சேர்த்த அன்னிக்கு அண்ணி பேச்சோட பேச்சா சொன்னாங்க. ரிப்போர்ட் வந்ததிலேர்ந்து அவன் மாத்திரையைத் தொடவே இல்லையாம். எனக்குத்தான் ஒண்ணுமே இல்லைன்னு வந்துடுச்சே, சத்து மாத்திரை எதுக்குன்னு கேட்டானாம். மீன் துள்ளுறதெல்லாம் மனப்பிரமைன்னு சிரிச்சானாம்." அவள் வக்கீலம்மாவைப் பார்த்தாள். "அந்த ரிப்போர்ட் என் ரத்தங்க. அதை நம்பித்தான் மாத்திரையை விட்டான்."

வக்கீலம்மா எத்தனையோ பேர் வாக்குமூலம் கொடுத்துப் பார்த்தவர். உண்மை வெளியே வந்ததும் யாருக்காவது பாரம் இறங்கும். இங்கே யாருக்கு இறங்கும் என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் பேசாம இருந்தா உங்க அண்ணன் ஏமாத்துக்காரர்னு முடிஞ்சுபோகும். சொன்னா நீங்க ஜெயிலுக்குப் போகணும். நடுவுல எனக்கு வேற வழி தெரியலம்மா. இருந்தா சொல்லியிருப்பேன்."

"நீங்க சொல்ல வேண்டாம்," என்று அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நானே சொல்றேன். முதல்ல அண்ணிகிட்ட."

*

வார்டு வாசலில் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். அவள் மட்டும் உள்ளே போனாள். கிரேன்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். தங்கை குனிந்து, தாழ்ந்த குரலில் பேசுவது தெரிந்தது. மனைவி அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

சத்தம் வரும் என்று ரேடியோ எதிர்பார்த்தான். வரவில்லை.

"அவருக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

"தெரியாது அண்ணி."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. நான் இறக்கியிருப்பேனே. சண்டை போட்டு, காலைக் கட்டிக்கிட்டு, எப்படியாவது இறக்கியிருப்பேனே."

"அண்ணி..."

"போ. போய்டு. நீ உண்டாகியிருக்கேன்னு இத்தோட விடுறேன். இனிமே அவர் பக்கத்துல உன்னை நான் பார்க்கக் கூடாது."

தங்கை வெளியே வந்தாள். வாசலில் ரேடியோ அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.

மனைவி வக்கீலம்மாவிடம் வந்தாள். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. "நிரூபிச்சுக் குடுங்கன்னுதானே கேட்டேன். குடுத்துட்டீங்க," என்றாள். நன்றியா, குற்றச்சாட்டா என்று வக்கீலம்மாவுக்குப் புரியவில்லை.

மறுநாள் விசாரணையில் தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. லேப் டாக்டரும் குழாயைக் கொண்டுவந்து காட்டினார். கிரேன்காரர்மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். செத்துப்போன கொடிக்காரரின் மனைவி பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரப் பெண் தங்கையைக் கூட்டிக்கொண்டு அவள் பக்கமாகத்தான் போக வேண்டியிருந்தது. தங்கை நின்று கும்பிட்டாள். கொடிக்காரரின் மனைவி திட்டத்தான் வாயைத் திறந்தாள். வயிற்றைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். முகத்தை மட்டும் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தீர்ப்பைச் சொல்வதற்காக வக்கீலம்மாவும் ரேடியோவும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் கிரேன்காரர் நல்ல முழிப்பாக இருந்தார். தலையணையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். மனைவி ஸ்பூனால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வக்கீலம்மா பக்கத்தில் போய், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "உங்க மேல எந்தப் பழியும் இல்லைங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

அவருக்கு அது எட்டியதா என்று தெரியவில்லை. கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கழுத்தைத் தூக்கினார். வந்தது நர்ஸ் என்று தெரிந்ததும் மறுபடி சாய்ந்தார். பிறகு வாயைக் கோணி, மூச்சைக் கூட்டி, அடித்தொண்டையிலிருந்து எதையோ வெளியே தள்ளப் பார்த்தார். முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை அது ஒரு வார்த்தையாக வந்தது.

"குட்டி."

ஒரு வாரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"தங்கச்சியை அப்படித்தான் கூப்பிடுவார்," என்றாள் வக்கீலம்மாவிடம், அவர் கேட்காமலேயே.

"குட்டி?" அவர் மனைவியையே பார்த்தார். எங்கே என்று கேட்கிறார் என்பது ரேடியோவுக்கே புரிந்தது.

மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் அவர் கடைவாயைத் துடைத்தாள். துடைத்து முடிக்க ரொம்ப நேரமானது.

"வேலைக்குப் போயிருக்கா," என்றாள். "லீவு முடிஞ்சுபோச்சு இல்ல? நல்லாத்தான் இருக்கா. பிள்ளையும் நல்லா இருக்காம். ஒண்ணுமில்ல, ரெண்டு நாள்ல வந்துடுவா. நீங்க கஞ்சியைக் குடிங்க."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் இடது பக்கம் மட்டும் மெல்ல விரிந்து சிரித்தது. பிறகு சமர்த்தாக வாயைத் திறந்தார்.

நம்பிவிட்டார்.